பச்சை பட்டனில் கட்டியிருந்த சைக்கிள் டியூப்

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் ரூம். ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சை பட்டன் மேல் ஒரு வேப்பங்குச்சியை வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பட்டன் எந்நேரமும் அமுங்கியே இருக்கும். கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். நான் போன அன்று மோட்டார் அங்கே இல்லை. கருகிப்போய், காயில் கட்டுகிற கடையில் கிடந்தது. அந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

கோயம்புத்தூரில் மோட்டார் பேனல், அதாவது ஸ்டார்ட்டர் வைத்த பெட்டி, செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில் அப்போது நான் வேலையில் இருந்தேன். "இப்படிக் கட்டி வெச்சா மோட்டார் எரியாம என்னங்க பண்ணும்?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். தோட்டக்காரர் கோபப்படவில்லை. "ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வருதுங்க. நீங்க வந்து பட்டனை அமுக்கறீங்களா தம்பி?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அப்போதெல்லாம் விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும்: பகலில் 6 மணி நேரம், ராத்திரி 3 மணி நேரம். தமிழ்நாட்டில் 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் பில்லைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கவலையெல்லாம் நேரத்தைப் பற்றித்தான். வந்த 3 மணி நேரத்தில் அரை மணி தூங்கிவிட்டால் நாலு பாத்தி காய்ந்து போகும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி அந்த டியூப்.

அந்த டியூபை, பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் எழுதித் தந்த ஆர்டர் பாரமாகப் படிக்க எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது. அந்த ஏழெட்டு வருஷத்தில் செய்த தப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பேனல் செய்பவர்களுக்கு மட்டுமில்லை, மற்றவர் கை தொடுகிற ஒரு பட்டனையாவது வைக்கிற யாருக்கும் உதவலாம்.

முதலில் அந்த மோட்டார் ஏன் எரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் ரிலே சூடாகி, காண்டாக்டரை, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற சுவிட்சை, விடுவித்துவிடும். இதுதான் டிரிப். அந்த ரிலேயில் நகக்கண் அளவுக்கு ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால், டிரிப் ஆன பிறகு யாராவது வந்து கையால் ரீசெட் செய்ய வேண்டும். மறுபக்கம் திருப்பினால், சூடு தணிந்ததும் ரிலே தானே சேர்ந்துகொள்ளும். அடிக்கடி கூப்பிடுகிறார்களே என்று சலித்துப்போன எலக்ட்ரீசியன் அதைத் தானே சேர்கிற பக்கம் திருப்பி வைத்திருந்தார். பட்டனில் டியூப், ரிலேயில் ஆட்டோ. பம்பில் ஏதோ சிக்கி மோட்டார் திணறியபோது டிரிப் ஆகியிருக்கிறது, ஆறியிருக்கிறது, மறுபடி ஓடியிருக்கிறது, மறுபடி டிரிப். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டார் வழக்கமான கரண்டைப் போல ஆறு மடங்கு இழுக்கும். விடிய விடிய இதே கதை. காயில் என்ன இரும்பா?

டியூப் கட்டியவரும் முட்டாள் இல்லை, திருகைத் திருப்பியவரும் முட்டாள் இல்லை. இருவரும் தனித்தனியாக அவரவர் தொல்லைக்கு ஒரு வழி பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டியது பெட்டியைச் செய்த நாங்கள்.

அதே வாரம் இன்னொரு தோட்டத்தில் ஒரு ஆத்தாவைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். மகன் திருப்பூரில் வேலை, மோட்டார் போடுவது அவர்தான். பெட்டி முன்னால் நின்று, சிவப்பு பட்டனை இரண்டு கட்டைவிரலாலும் ஓங்கி அமுக்கினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம்தான் பச்சையை அமுக்கினார்.

"ஏனுங்க ஆத்தா, மோட்டார் நின்னுதானே இருக்கு, எதுக்குச் சிவப்பை அமுக்கறீங்க?"

"அதை அமுக்கினாத்தான் கண்ணு இது கேக்கும். டக்குனு சத்தம் வரோணும். இல்லீனா எத்தன தடவ பச்சைய அமுக்கினாலும் ஓடாது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த வகை ஸ்டார்ட்டரில் நிறுத்துகிற பட்டன்தான் ரிலேயைச் சேர்க்கிற ரீசெட் பட்டனும். ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. பெட்டி மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதியிருக்காது. டிரிப் ஆனது தெரியாமல் பச்சையை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்த்து, 'ஸ்டார்ட்டர் போச்சு' என்று எங்களுக்கு போன் செய்தவர்கள் எத்தனையோ பேர். நாங்கள் 20 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், சிவப்பை ஒரு தடவை அமுக்கிவிட்டு, பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொண்டு வருவோம். ஆத்தா அந்த ரகசியத்தைத் தானே கண்டுபிடித்து, தினமும் சாமி கும்பிடுகிற மாதிரி செய்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும், நானே சொந்தமாகப் பேனல் செய்ய ஆரம்பித்தபோது என்ன செய்தேன் தெரியுமா? டிஸ்பிளே வைத்தேன். இரண்டு வரி எல்.சி.டி., நாலு பட்டன்: மெனு, மேலே, கீழே, என்டர். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் எத்தனை ஆம்பியரில் நிறுத்த வேண்டும், எத்தனை விநாடி பொறுக்க வேண்டும், எத்தனை நிமிஷம் கழித்து மறுபடி ஓட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் செட் பண்ணலாம். மறுபடி ஓடுவதற்கு 1 முதல் 999 நிமிஷம் வரை. 999 நிமிஷம் யாருக்கு வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்று இலக்கம் காட்ட இடம் இருந்தது, அதனால் 999.

பட்டறையில் டியூப்லைட் வெளிச்சத்தில், சுத்தமான மேஜை மேல் அது ராஜா மாதிரி இருந்தது. தோட்டத்துக்குப் போனதும் மானம் போயிற்று. மோட்டார் ரூமுக்குக் கதவில்லை. மத்தியான வெயிலில் டிஸ்பிளேயில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மடை மாற்றிவிட்டு ஈரமும் சேறுமாக வருகிற விரலுக்கு அந்த மெல்லிய பிளாஸ்டிக் பட்டன் அமுங்கியதா இல்லையா என்பதே தெரியவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓடியதால் மோட்டாரை நிறுத்தினால், டிஸ்பிளேயில் 'டிரை ரன்' என்று ஆங்கிலத்தில் வரும். அதைப் படித்தவர்களும் 'ரன் என்றால் ஓடுகிறது' என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் ஓடாததற்குக் காரணம் சொல்ல, ஓடுகிறது என்ற வார்த்தையைப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தத் தண்ணீர் வற்றுகிற செட்டிங் பெரிய தலைவலி. தண்ணீர் இல்லாமல் ஓடும்போது பம்புக்குப் பாரம் குறைவதால் மோட்டார் இழுக்கிற கரண்டும் குறையும். ஏழரை எச்.பி. மோட்டார் தண்ணீரோடு 11 ஆம்பியர் இழுக்கிறது என்றால், வற்றியதும் 7, 8க்கு இறங்கும். நடுவில் 9 என்று செட் பண்ணினால் சரி என்று நினைத்தோம். ஆனால் பகலில் ஊரே மோட்டார் ஓட்டும்போது வோல்டேஜ் 340க்கு இறங்கும், மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக கரண்ட் இழுக்கும். நடுராத்திரி வோல்டேஜ் 430க்கு ஏறினால் கரண்ட் குறையும். பகலில் சரியாக இருந்த செட்டிங் ராத்திரியில் தண்ணீர் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்தும். காலையில் போன் வரும்: "உங்க பொட்டி ராத்திரி தூங்கிருச்சுங்க." எலக்ட்ரீசியன் போய் செட்டிங்கைக் குறைத்துவிட்டு வருவார். அப்புறம் நிஜமாகவே வற்றும்போது நிற்காது.

செட்டிங்கைப் பயனரிடம் விட்டுவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்கிற நினைப்பு எங்கள் தொழிலில் நிறைய உண்டு. எனக்கும் இருந்தது. இந்தக் கணக்கைப் போட வேண்டியது பெட்டிதான், தோட்டக்காரர் இல்லை. அடுத்த பேனலில் வோல்டேஜையும் கரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி மாற்றினோம். இதற்கென்று வெளியே ஒரே ஒரு பட்டன். "தண்ணி நல்லா ஊத்தறப்ப இதை அஞ்சு விநாடி அமுக்கிப் புடிங்க" என்று மட்டும் சொல்வோம். அப்போதைய அளவைப் பெட்டி மனதில் வைத்துக்கொள்ளும். தண்ணீர் நன்றாக வருகிறதா என்று குழாய் வாயைப் பார்த்துச் சொல்ல தோட்டக்காரரை விடச் சிறந்த மீட்டர் கிடையாது. அவருக்குத் தெரிந்ததை அவரிடம் கேட்டோம், அவ்வளவுதான்.

999 நிமிஷத்துக்குப் பதில் ஒரு திருகு வந்தது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி 'கடக் கடக்' என்று நிற்கும். கால் மணி, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி. நாலே நிலை. போரில் ஊத்து எவ்வளவு நேரத்தில் ஊறும் என்று கேட்டால் யாரும் 47 நிமிஷம் என்று சொல்வதில்லை. 'அரை மணி விட்டா ஊறிருமுங்க' என்பார்கள். அவர்கள் கணக்கு எப்படியோ, திருகும் அப்படி. இருட்டில்கூட விரலால் எண்ணித் திருப்பலாம்.

விளக்குகளுக்கு வருகிறேன். இதில் நான் பட்ட அவமானம் கொஞ்சம் அதிகம்.

எங்கள் பழைய பேனலில் மேலே மூன்று விளக்கு: சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று பேஸும் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே மோட்டார் ஓடினால் ஒரு சிவப்பு விளக்கு, நின்றிருந்தால் பச்சை விளக்கு. சப்ஸ்டேஷனில் அப்படித்தான்: சிவப்பு என்றால் லைன் உயிரோடு இருக்கிறது, தொடாதே, பச்சை என்றால் ஆஃப், பயமில்லை. எங்கள் போர்மேன் அந்த வழக்கத்தில் வந்தவர். அதற்கும் கீழே பச்சை பட்டன் ஓட்டுவதற்கு, சிவப்பு பட்டன் நிறுத்துவதற்கு. கோளாறு என்றால் எரிய இன்னொரு சிவப்பு விளக்கு.

ஒரு தோட்டத்தில் பத்தாவது படிக்கிற பையன் பேனலை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, பச்சையை அமுக்கினா பச்சை லைட் அணைஞ்சு சிவப்பு லைட் எரியுது. அப்ப எது கரெக்ட்?"

எண்ணிப் பார்த்தேன். ஒரே பெட்டியில் சிவப்புக்கு நாலு அர்த்தம். பேஸ் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, நிறுத்து, கோளாறு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழக்கப்படி சரி. பதினைந்து வருஷமாகப் பேனல் செய்கிற என் கண்ணில் அது படவே இல்லை. எங்களுக்கெல்லாம் பழகிவிட்டதே.

மூன்று பேஸ் விளக்கையும் எலக்ட்ரீசியனுக்காகப் பெட்டிக்குள் தள்ளினோம். வெளியே ஒரே வெள்ளை விளக்கு, மூன்று பேஸும் சரியாக இருந்தால் மட்டும் எரியும். மோட்டார் ஓடினால் பச்சை. தண்ணீர் இல்லாமல் நின்றால் மஞ்சள், பக்கத்தில் சொட்டாத குழாயின் படம். சிவப்பு நிறம் நிறுத்துகிற பட்டனுக்கு மட்டும். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதால், ஓடுகிற விளக்கு எப்போதும் இடது பக்கம், நின்ற விளக்கு வலது பக்கம்.

முதலில் ஒரு பேஸ் போனால் வெள்ளை விளக்கு மினுக்கும்படி வைத்திருந்தோம். படித்தவர்களுக்கு அது எச்சரிக்கை. தோட்டத்தில் அதற்குப் பெயர் லூஸ் கனெக்ஷன். ஒருவர் பெட்டியை நாலு தட்டுத் தட்டியிருக்கிறார். மினுக்கலை எடுத்துவிட்டோம். சரியில்லை என்றால் எரியாது, அவ்வளவே.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பி-17 என்கிற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு சில விமானிகள் இறக்கை மடலை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றால் தரையில் உட்கார்ந்துவிடும். அல்போன்ஸ் சாபானிஸ் என்கிற உளவியலாளர் 1943இல் போய்ப் பார்த்தார். இரண்டு கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில், தொட்டால் ஒரே மாதிரி. சக்கரத்துக்கான கைப்பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடலுக்கானதில் ஆப்பு வடிவத் துண்டையும் மாட்டச் சொன்னார். களைத்துப்போன கைக்குக் கண்ணே வேண்டாம், தொட்டாலே தெரியும். இதைப் படித்த மறுநாள் எங்கள் பேனலில் நிறுத்துகிற பட்டனைக் காளான் குடை மாதிரி பெரியதாக மாற்றினேன். ஓட்டுகிற பட்டன் விளிம்புக்குள் பதுங்கிய மாதிரி சின்னது. தெரியாமல் கை பட்டால் மோட்டார் ஓடக்கூடாது. பதறி அடித்தால் நிற்க வேண்டும்.

பிறகுதான் மொபைல் ஸ்டார்ட்டர். மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிற்கும். ராத்திரி ஒரு மணிக் கேள்விக்கு ஒரு வழியாகப் பதில் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம். ஒரு நாள் எங்கள் ஆள் ஒருவர் பேனலைத் திறந்து வயர் மாற்றிக்கொண்டிருந்தார். மெயினை இறக்கியிருந்ததால் பிழைத்தார். வெளியூரில் இருந்த தோட்டக்காரர், மோட்டார் ஓடவில்லையே என்று மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மெயினை இறக்க மறந்திருந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த பேனலில் ஒரு சாவித் திருகு வந்தது: 'இங்கே' அல்லது 'போன்'. 'இங்கே' வைத்துச் சாவியை உருவி பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் எந்த போனுக்கும் பெட்டி அசையாது. சாப்ட்வேரில் செய்திருக்கலாம், செலவும் குறைவு. ஆனால் வயரில் கை வைத்திருப்பவருக்குத் தன் பாக்கெட்டில் சாவி இருக்கிறது என்கிற தைரியத்தை எந்த சாப்ட்வேரும் தராது.

தானாக ஓடுகிற ஆட்டோவில் போட்டால், கரண்ட் வந்ததும் ஒரு பஸ்ஸர் கத்திவிட்டு அப்புறம்தான் மோட்டார் ஓடும். பெட்டிக்குப் பெட்டி அந்த நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக வைத்தோம். இல்லாவிட்டால் கரண்ட் வந்த நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் கிளம்பி, வோல்டேஜ் விழுந்து, டிரான்ஸ்பார்மர் பீஸே போய்விடும். டியூப் கட்டிய காலத்தில் அடிக்கடி நடந்ததுதான்.

போனில் பெட்டி பேச வேண்டும் அல்லவா? முதலில் ஒரு ஸ்டுடியோவில் நல்ல குரலில் பதிவு செய்தோம். "உலர் ஓட்டம் கண்டறியப்பட்டது. மின்மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது." கேட்ட பெரியவர் போனை மகனிடம் நீட்டி, "பேங்க்ல இருந்து பேசறாங்க போல" என்றார். பிறகு எங்கள் கணக்குப் பார்க்கிற அம்மாவையே பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். "தண்ணி இல்லைங்க. மோட்டாரை நிறுத்தியாச்சுங்க. அரை மணி கழிச்சு ஓடும்." அதற்கப்புறம் யாரும் எதிரில் இருப்பது பேங்க்கா என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "சரிங்க அம்மணி" என்று பதில் சொன்னாராம்.

எங்கே சறுக்கினேன் என்றும் சொல்ல வேண்டும். டீலர்கள். "டிஸ்பிளே இல்லாத பெட்டிக்கு எப்படிங்க இந்த விலை கேக்கறது?" என்றார்கள். வாங்கும் நாளில் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், ஓட்டும் நாளில்தான் திட்டுகிறார்கள். கடைசியில் டிஸ்பிளே பெட்டியின் உள்கதவில் எலக்ட்ரீசியனுக்காகத் தங்கிவிட்டது. விலை கேட்கவும் அது உதவுகிறது. வெளிக்கதவில் மூன்று பட்டன், மூன்று விளக்கு, திருகுகள். கதவைத் திறக்காமலே எல்லாம் முடிவதால் பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து காண்டாக்டரில் கருகுவதும் குறைந்தது. இது நான் எதிர்பாராத லாபம்.

புதுப் பேனல் எதையும் இப்போது இப்படித்தான் சோதிக்கிறோம். பட்டறை ஆள் யாரையும் தொடவிடுவதில்லை. தோட்டத்தில் மாட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், நிஜமாக மோட்டார் போடுகிறவர் கையில் விட்டுவிடுவோம். பெரும்பாலும் அது வீட்டு அம்மாவோ பண்ணையாளோ. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். தப்பான பட்டனுக்கு விரல் போகும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை அதுதான். 'இப்ப என்ன ஆகும்னு நினைக்கறீங்க?' என்று மட்டும் கேட்கலாம். பகலில் ஒரு தடவை, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை, கை ஈரமாக ஒரு தடவை. அவர் தடுமாறிய இடத்தை நோட்டில் குறிப்பேன். விளக்கம் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தடுமாற்றம் என் கண்ணிலிருந்து மறையும், அடுத்த தோட்டத்தில் அப்படியே இருக்கும்.

போன தையில் அந்த ஆத்தா வீட்டில் புதுப் பேனல் மாட்டினோம். பேரன் போனில் மோட்டார் போடுகிறான். ஆனாலும் அவர் மோட்டார் ரூமுக்கு வந்து, பெரிய சிவப்புக் குடையை இரண்டு கட்டைவிரலாலும் ஓங்கி அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டக்குனு கேக்கலியே கண்ணு?"

"இதுல அது வேண்டியதில்லீங்க ஆத்தா. நேரா பச்சையை அமுக்கலாம்."

நம்பவில்லை. அடுத்த வாரம் வேறு கம்பெனி பட்டன் வாங்கி மாற்றிக் கொடுத்தேன். அமுக்கினால் சத்தம் வரும். விலை 30 ரூபாய் அதிகம்.